வீடு கட்டப் போகிறீர்களா? சுவர் பூசுவதற்கு முன் தண்ணீர்க் கணக்கைப் போடுங்கள்

டைல்ஸ் கடையில் மூன்று நாள் சுற்றுவோம். வாசல் கதவுக்குத் தேக்கா வேங்கையா என்று ஒரு மாதம் பேசுவோம். பிளம்பிங்குக்கு? மேஸ்திரி ஒரு மத்தியானம் பிளம்பரைக் கூட்டிக்கொண்டு வருவார், அவர் செங்கல் துண்டை எடுத்துச் சுவரில் நாலு கோடு கிழித்து "இப்படியே எடுத்துட்டுப் போயிடலாம் சார்" என்பார், நாமும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவோம். இனி முப்பது வருஷத்துக்கு அந்த வீடு எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பது அந்த அரை மணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது.

நானும் அப்படித்தான் ஏமாந்தேன். சென்னையின் தெற்குப் புறநகரில் அரை கிரவுண்ட், அதாவது 1,200 சதுர அடி மனை. குளிக்கிற தண்ணீரைத் தோட்டத்துக்கு விட வேண்டும் என்று வாயால் சொன்னேனே தவிர, தாளில் வரைந்து கொடுக்கவில்லை. ஒரு நாள் ஆபீஸ் போய்விட்டு வருவதற்குள் பாத்ரூம் அவுட்லெட்டும் டாய்லெட் அவுட்லெட்டும் ஒரே நாலு இன்ச் பைப்பில் சேர்ந்து, மேலே கான்கிரீட்டும் போட்டாகிவிட்டது. அதை உடைத்துப் பிரிக்க ஆன செலவைச் சொன்னால் வீட்டில் இன்றைக்கும் சண்டை வரும். அதனால் முதல் தடவை வீடு கட்டுகிறவர்களுக்காக, எதை எப்போது செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதுகிறேன். உதாரணமெல்லாம் சென்னைதான், எனக்குத் தெரிந்த மழையும் மண்ணும் அதுதான்.

முதலில் ஒரு தாளும் பேனாவும்

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். நம் நாட்டில் வீட்டுக்குழாய் வேலைக்குப் பொறியாளர்கள் போடும் கணக்கு இது. நாலு பேர் வீடு என்றால் 540 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்று வாங்கினால் 22 நாளில் தீர்ந்துவிடும். இதே வீடு 350 லிட்டரில் ஓடினால் அதே லாரி 34 நாள் வரும். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் கிட்டத்தட்ட வறண்டு கிடந்தபோது இந்த 12 நாள் வித்தியாசம் என்ன என்பது சென்னைக்காரர்களுக்கு நன்றாகவே புரிந்தது.

அடுத்து மழை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர், இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். 800 சதுர அடி மொட்டை மாடி ஏறக்குறைய 74 சதுர மீட்டர். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. பெய்கிறது. ஆவியாவது, தெறிப்பது, முதல் மழையைக் கழித்துவிடுவது எல்லாம் போக 80 சதவீதம் கைக்கு வரும் என்று வைத்தால் 83,000 லிட்டர், அதாவது ஏழு லாரி. சந்தோஷமாக இருக்கிறது இல்லையா? அவசரப்படாதீர்கள். இதில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள், அதிலும் சில நாள்களில் மொத்தமாகக் கொட்டிவிடும். ஒரே நாளில் 100 மி.மீ. பெய்தால் அந்த மாடியில் இருந்து மட்டும் கிட்டத்தட்ட 6,000 லிட்டர் இறங்கும், தரைக்கடியில் இருக்கும் தொட்டி, அதாவது சம்ப், அன்றைக்கே நிரம்பிவிடும், மறுநாள் மழையை எங்கே வைப்பீர்கள்? ஆகவே சம்ப் கொஞ்சம்தான் பிடிக்கும், மிச்சத்தை மண்தான் பிடிக்க வேண்டும் என்று முதலிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள். கீழே மழையைப் பற்றிச் சொல்வது எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

பிளான் கையில் இருக்கும்போதே

இன்ஜினியர் முதல் பிளானைக் கொடுத்ததும் ஹால் எவ்வளவு பெரிசு என்று பார்ப்பதற்கு முன்னால், தண்ணீர் புழங்கும் இடங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று சிவப்புப் பேனாவால் சுழியுங்கள். சமையலறை ஒரு மூலை, பாத்ரூம் எதிர் மூலை, மேல்மாடி பாத்ரூம் வேறொரு மூலை என்று சிதறிக் கிடந்தால் பைப்பும் நீளம், செலவும் நீளம், வீணாகும் தண்ணீரும் நீளம். பாத்ரூமுக்கு மேல் பாத்ரூம், அதற்கு அடுத்த சுவரில் சமையலறை, நடுவில் பைப் எல்லாம் இறங்குகிற ஒரு டக்ட், ஆள் உள்ளே கையை விட்டு வேலை பார்க்கும் அளவுக்கு அகலமாக. இப்படி அமைந்தால் பாதி வேலை முடிந்தது. ஈசானியம், அக்னி மூலை என்று வாஸ்து குறுக்கே வரும், அது உங்கள் வீட்டுப் பஞ்சாயத்து, நான் உள்ளே வரவில்லை.

இதில் பெரிய விஷயம் வெந்நீர் லைன். கீசரிலிருந்து குழாய் வரைக்கும் பைப்பில் நிற்கும் தண்ணீர் ஆறிப்போயிருக்கும், சூடு வரும் வரை அதைத் திறந்துவிட்டுக் காத்திருப்போம். வெந்நீர் தாங்கும் முக்கால் இன்ச் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப்பில் ஒரு மீட்டருக்குக் கால் லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் நிற்கும். கீசர் 12 மீட்டர் தள்ளி இருந்தால் ஒவ்வொரு தடவையும் மூன்று லிட்டர் போச்சு, நாலு பேருக்கு நாளைக்கு 12 லிட்டர். அரை இன்ச் பைப்பில் இந்தக் கொள்ளளவு பாதிக்கும் குறைவு. ஒரு கீசரில் இருந்து ஒரே பாத்ரூமுக்குப் போகிற கிளைக்கு அரை இன்ச் போதும், ஆனால் பழக்கத்தில் முக்கால் போட்டுவிடுவார்கள், கேட்டால் "பெரிசா போட்டா நல்லதுதானே சார்" என்பார்கள். இரண்டு பாத்ரூமும் முதுகோடு முதுகு ஒட்டியிருந்தால் நடுச்சுவருக்கு மேலே ஒரே கீசர் வைத்து இரண்டுக்கும் மூன்று மீட்டரில் முடித்துவிடலாம். இதில் தண்ணீரைவிட மின்சாரம்தான் அதிகம் மிச்சம் என்பது உண்மை. அதற்காகவாவது செய்யுங்கள்.

வருவது இரண்டு, போவது மூன்று

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மொட்டை மாடியில் ஒரே டேங்க் வைக்காதீர்கள், இரண்டாக வையுங்கள். ஒன்று நல்ல தண்ணீர்: மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியத் தண்ணீர்), லாரி, மாடி மழை எல்லாம் சேரும் சம்பிலிருந்து ஏறுவது. சமையலறை, வாஷ்பேசின், குளியல், கீசருக்கு இது. இன்னொன்று போர் தண்ணீர்: ஃப்ளஷ், வாசல் குழாய், தோட்டம். கீழே இறங்கும் லைனும் தனித்தனி, இரண்டுக்கும் நடுவில் எங்கேயும் ஒட்டு இருக்கக் கூடாது. வால்வு போட்டு இணைக்கலாம் என்று பிளம்பர் சொன்னால் மறுத்துவிடுங்கள், வால்வு என்றைக்காவது ஒரு நாள் கசியும், நல்ல தண்ணீரில் மற்றது கலந்துவிடும். இரண்டு லைன் இருந்தால், நாளைக்கு அபார்ட்மென்ட்டுக்கோ தெருவுக்கோ சுத்திகரித்த கழிவுநீர் வந்தாலும் சரி, போர் வற்றிப்போனாலும் சரி, சுவரை உடைக்காமல் ஃப்ளஷ் லைனை மட்டும் மாற்றி விட்டுக்கொள்ளலாம். கூடுதல் செலவு சில பத்து மீட்டர் பைப்பும் ஒரு டேங்கும்தான்.

வெளியே போவது மூன்று லைன். டாய்லெட் ஒன்று, அது நேராகச் சாக்கடைக்கோ செப்டிக் டேங்குக்கோ. சமையலறை இன்னொன்று, எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும் இருப்பதால் இதையும் தோட்டத்துக்கு விடாதீர்கள், இரண்டே வாரத்தில் நாறும். மூன்றாவது குளியல், வாஷ்பேசின், வாஷிங் மெஷின். இதுதான் நமக்கு வேண்டிய தண்ணீர். இந்த மூன்றாவதைத் தனியாக ஒரு சேம்பருக்கு, அதாவது சின்னத் தொட்டிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஒரு பக்கம் தோட்டத்துக்கும் மறுபக்கம் சாக்கடைக்கும் வழி வைத்து நடுவில் ஒரு வால்வு போடுங்கள். ஆசிட், பினாயில் என்று ஏதாவது ஊற்றிக் கழுவுகிற நாளிலும், அடைமழை நாளிலும் சாக்கடைக்குத் திருப்பிவிடலாம்.

தோட்டத்துப் பக்கம் என்ன செய்வது? மூன்றடி அகலத்தில் ஒரு பாத்தி, கீழே ஜல்லி, மேலே மணல், அதில் கல்வாழை, சேம்பு, நாலு வாழை. தண்ணீர் மேலே தேங்கி நிற்காமல் ஜல்லிக்குள் போய் இறங்க வேண்டும், தேங்கினால் கொசுதான். கல்வாழை சோப்புத் தண்ணீரைப் பார்த்துப் பயப்படாது. எங்கள் பாட்டி வீட்டில் குளியலறைக்குப் பின்னால் வாழை நின்றதற்கும் இதுதான் காரணம், அப்போது யாரும் இதற்குப் பெரிய பெயர் வைக்கவில்லை.

இவ்வளவையும் ஒரு ஏ4 தாளில் நீலம், சிவப்பு, பச்சை என்று வண்ணம் பிரித்து வரைந்து, மேஸ்திரிக்கு ஒன்று, பிளம்பருக்கு ஒன்று, சுவரில் ஒட்ட ஒன்று எடுங்கள். நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

குழாயும் ஃப்ளஷும் வாங்கும்போது

கடையில் ஃபினிஷிங்கைக் காட்டுவார்கள். நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். பெட்டியில் இருக்கும், இல்லையென்றால் தொழில்நுட்பத் தாளில் இருக்கும்.

அதிகம் மிச்சம் பிடிப்பது ஃப்ளஷ்தான். பழைய டேங்க் ஒரு தடவைக்கு 10 லிட்டர், அதற்கு மேலும் கொட்டும். நாலு பேர், ஆளுக்கு ஐந்து தடவை என்றால் 200 லிட்டர். மூன்று லிட்டர், ஆறு லிட்டர் என்று இரட்டைப் பொத்தான் வைத்தது வாங்கினால், ஆளுக்கு ஒரு பெரிசும் நாலு சின்னதுமாக மொத்தம் 72 லிட்டர். வருஷத்துக்கு 46,000 லிட்டருக்கு மேல் மிச்சம், கிட்டத்தட்ட நாலு லாரி. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. டாய்லெட் பீங்கானும் அந்தக் குறைந்த தண்ணீருக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். பழைய பீங்கானில் புது டேங்கை மட்டும் மாட்டினால் ஒரு தடவையில் போகாது, எல்லோரும் இரண்டு தடவை அழுத்துவார்கள், கணக்கு தலைகீழாகிவிடும். வெளியே போகும் நாலு இன்ச் பைப்புக்கும் 10 அடிக்கு 2 இன்ச் வாட்டம் சரியாக இருக்க வேண்டும், வாட்டம் இல்லாத பைப்பில் குறைந்த தண்ணீர் அடைப்பைத்தான் கொண்டுவரும்.

குழாய் வாயில் மாட்டும் ஏரேட்டரைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். காற்றைக் கலந்து விடுவதால் கை நிறையத் தண்ணீர் விழுவது போலவே இருக்கும், ஆனால் நிமிஷத்துக்கு 12, 15 லிட்டர் போன இடத்தில் நாலைந்து லிட்டர்தான் போகும். வாஷ்பேசினுக்கும் சமையலறைக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். ஆனால் வாளி நிரப்பும் குழாயில் போட்டு என்ன பயன்? வாளி 18 லிட்டர் என்றால் 18 லிட்டர்தான், மெதுவாக நிரம்பும், அவ்வளவுதான், கூடவே வீட்டில் திட்டும் விழும். எந்த இடத்தில் ஓடுகிற தண்ணீரில் வேலை நடக்கிறதோ அங்கே மட்டும்தான் ஏரேட்டர் மிச்சம் பிடிக்கும். அதனால்தான் வாளியும் சொம்புமாகக் குளிப்பவர் வீட்டில் 18 லிட்டரில் முடிகிற குளியல், நிமிஷத்துக்கு 15 லிட்டர் கொட்டும் பெரிய தட்டு ஷவருக்குக் கீழே ஐந்தே நிமிஷத்தில் 75 லிட்டர் ஆகிறது. ஷவர் வேண்டும் என்றால் நிமிஷத்துக்கு 8 லிட்டருக்குள் உள்ளதைப் பாருங்கள், அதோடு விட்டுவிடுங்கள். அந்தத் தட்டு ஷவருக்காகவே மாடியில் பிரஷர் பம்ப் வைப்பவர்கள் இருக்கிறார்கள், பம்ப் வைத்தால் ஷவரில் மட்டுமில்லை, வீட்டில் உள்ள அத்தனை குழாயிலும் தண்ணீர் அதிகமாகக் கொட்டும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதியில் ஏரேட்டர் மாதத்துக்கு ஒரு தடவை அடைக்கும். கழற்றி எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறப்போட்டால் போதும். அதற்காகவே கையால் கழற்றக்கூடியதாக வாங்குங்கள்.

ஆர்.ஓ. மெஷின் வைக்கப்போகிறீர்கள் என்றால், அது கழிக்கும் தண்ணீர் நாம் குடிப்பதைவிட அதிகம். அந்தச் சின்ன டியூபை சிங்க்கில் விடாமல் ஒரு கேனுக்கு விட இடம் விடுங்கள். உப்பு அதிகம் என்பதால் செடிக்கு வேண்டாம், தரை துடைக்கவும் பாத்ரூம் கழுவவும் ஆகும். ஏசி தண்ணீருக்கும் அப்படியே ஒரு பைப் எடுத்து ஒரே இடத்தில் விழவையுங்கள், நம் ஊர் ஈரப்பதத்தில் ராத்திரி முழுக்க ஓடினால் ஒரு வாளி தேறும். இதில் உப்பு இல்லை, செடிக்குத் தாராளமாக விடலாம்.

மாடியில் இருந்து மண்ணுக்கு

மழைநீர் சேகரிப்பு 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாகிவிட்டது. அதனால் எல்லா வீட்டிலும் இருக்கிறது, ஆனால் எத்தனை வீட்டில் வேலை செய்கிறது என்பது வேறு கதை. வாசலில் இரண்டடிக்குக் குழி தோண்டி, ஜல்லியைப் போட்டு, ஓட்டை போட்ட சிமெண்ட் மூடி வைத்து போட்டோ எடுத்துவிட்டால் அப்ரூவலுக்குப் போதும். தண்ணீருக்குப் போதாது.

உங்கள் மண் என்ன என்று முதலில் பாருங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலோர மணல் என்றால் தண்ணீர் தானாகவே இறங்கும், ஆழம் குறைவாக இருந்தாலும் சரி. களிமண் பகுதி என்றால் மேலாகத் தோண்டிய குழியில் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும், களியைத் தாண்டிப் போகும் அளவுக்கு உறைக் கிணறு வேண்டும். மூன்றடி விட்டத்தில் சிமெண்ட் உறை இறக்கி, 15 அடியோ 20 அடியோ, மணல் தட்டும் வரை போங்கள். அஸ்திவாரத்துக்கு வந்த ஆட்கள் இருக்கும்போதே இதையும் முடித்துவிட்டால் கூலி மிச்சம். செப்டிக் டேங்க் மனையின் ஒரு மூலை என்றால் இந்தக் கிணறு எதிர் மூலை. மேலே கொசுவலை வைத்து மூடுங்கள்.

மொட்டை மாடிக்குத் தளம் போடும் அன்று நீங்கள் கட்டாயம் கூடவே நில்லுங்கள். தண்ணீர் வாட்டம் எந்தப் பக்கம், டவுன்பைப் வாய் எங்கே என்பது அன்றைக்குத்தான் முடிவாகும். தளம் காய்ந்த பிறகு நாலு வாளி ஊற்றிப் பார்த்தால், எங்கே குட்டையாக நிற்கிறது என்று தெரிந்துவிடும். மேலே இருந்து வரும் பைப்பில், தரைக்கு ஒரு முழம் மேலே ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, கீழ்நுனியில் திறந்து மூடும் மூடி வையுங்கள். பருவத்தின் முதல் மழையை, காக்கா எச்சமும் தூசியுமாக வருவதை, மூடியைத் திறந்து வெளியே விட்டுவிடலாம். அப்புறம் மூடிவிட்டால் தண்ணீர் ஜல்லி, மணல் வடிகட்டிக்குப் போய் அங்கிருந்து சம்புக்கு. சம்ப் நிரம்பினால் வழிவது உறைக் கிணற்றுக்கு. இந்த வரிசை மாறக் கூடாது.

மாடித் தண்ணீரை மட்டும் பிடித்துவிட்டு, வாசலில் ஓடுவதை விட்டுவிடுகிறோம். கேட்டுக்கு உள்பக்கம், அகலம் முழுக்க, ஓரடி ஆழத்தில் கால்வாய் எடுத்துக் கம்பி மூடி போட்டால் தெருவுக்கு ஓடுவதெல்லாம் அதில் விழும். அதைக் கிணற்றுக்கு விடுங்கள், சம்புக்கு வேண்டாம். போர்வெல்லுக்குள் நேரடியாகவும் எந்த மழைத் தண்ணீரையும் விடாதீர்கள், வண்டி எண்ணெயும் சேறும் ஒரு தடவை உள்ளே போனால் எடுக்கவே முடியாது.

செட்டிநாட்டு வீடுகளில் நாலு பக்கச் சரிவும் முற்றத்தைப் பார்த்து இறங்கும், மழைக்கு அண்டாவை வைத்துவிட்டால் வேலை முடிந்தது. நமக்கு மூடி, டீ, வடிகட்டி எல்லாம் வேண்டியிருக்கிறது.

டேங்க் வழிந்தால் காதில் விழ வேண்டும்

காலை ஐந்தரைக்கு எந்தத் தெருவில் நின்றாலும் ஒரு வீட்டு சன்ஷேடில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கும். மோட்டாரைப் போட்டுவிட்டுக் காபி போடப் போனவர் மறந்திருப்பார். மட்டம் பார்த்துத் தானாக நிற்கும் கன்ட்ரோலர் பெரிய விலை இல்லை, போட்டுவிடுங்கள். அதோடு, டேங்க் வழியும் பைப்பை மழைத்தண்ணீர்ப் பைப்புக்குள் அழகாகச் சொருகி மறைத்துவிடாதீர்கள். அது சமையலறை ஜன்னலுக்கு வெளியே கண்ணெதிரில் விழுந்தால்தான் கன்ட்ரோலர் பழுதான அன்றைக்கே தெரியும்.

இரண்டு டேங்கின் இறங்கு பைப்பிலும் ஒவ்வொரு மீட்டர் மாட்டுங்கள். படுக்கப் போகும்போது எண்ணைப் பாருங்கள், விடிந்ததும் யாரும் எழுவதற்கு முன் பாருங்கள். நகர்ந்திருந்தால் எங்கேயோ கசிகிறது. அபார்ட்மென்ட் கட்டுகிற நிலையில் ஃபிளாட் புக் பண்ணுகிறீர்கள் என்றால் பில்டரிடம் ஒரே கேள்வி: ஒரு ஃபிளாட்டுக்குள் தண்ணீர் எத்தனை இடத்தில் நுழைகிறது? ஒவ்வொரு பாத்ரூமுக்கும் மாடியிலிருந்து தனித்தனியாக இறங்கினால் நாலு மீட்டர் வேண்டும், அதனால் யாரும் மாட்ட மாட்டார்கள், எவ்வளவு செலவழித்தாலும் எல்லோருக்கும் ஒரே மெயின்டனன்ஸ். ஒரே இடத்தில் நுழைந்தால் ஒரு மீட்டர் போதும்.

பூச்சுக்கு முந்தின நாள்

எல்லாப் பைப்பும் சுவரில் பதிந்த பிறகு, பூசுவதற்கு முன், எல்லா வாயையும் அடைத்து, கையால் அடிக்கும் டெஸ்ட் பம்பில் அழுத்தம் ஏற்றி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் அழுத்தம் காட்டும் முள் இறங்கியிருந்தால் எங்கோ ஒட்டு சரியில்லை. "அதெல்லாம் வேணாம் சார், இருபது வருஷமா பண்றேன்" என்பார் பிளம்பர். "பண்ணிடலாம் அண்ணே, எனக்காக" என்று சொல்லிவிட்டு நில்லுங்கள். அப்படியே ஒவ்வொரு சுவருக்கும் பக்கத்தில் டேப்பை வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஆணி அடிக்கும்போது நன்றி சொல்வீர்கள்.

வாடகை வீடு, கட்டி முடித்த வீடு

மேலே சொன்னதில் பாதி உங்களுக்கு ஆகாது. ஏரேட்டர் ஆகும், ஏசி பைப் ஆகும், கன்ட்ரோலர் ஆகும். பழைய பெரிய ஃப்ளஷ் டேங்க் இருந்தால் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி மூடி உள்ளே மிதவையில் படாமல் நிறுத்துங்கள், ஒரு தடவைக்கு ஒரு லிட்டர் மிச்சம். செங்கல் போடாதீர்கள், கரைந்து ரப்பரைக் கெடுக்கும்.

இன்றைக்கு ராத்திரியே செய்யக்கூடியது ஒன்று: சமையலறையில் கேசரிப் பவுடர் இருக்கும், ஒரு சிட்டிகையை ஃப்ளஷ் டேங்குக்குள் போட்டுவிட்டுக் கால் மணி நேரம் யாரும் அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பீங்கானுக்குள் ஆரஞ்சு நிறம் எட்டிப்பார்த்தால் உள்ளே ரப்பர் வாஷர் போய்விட்டது, சத்தமே இல்லாமல் ராவும் பகலும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. ஹார்டுவேர் கடைக்குப் போகும்போது பழைய வாஷரைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள், அளவு சொல்லி வாங்கினால் நிச்சயம் மாறிவிடும்.